சனிக்கிழமை ரயில்

மார்சி வில்லட் கையில் ஆப்பிள் கேக்கோடு வாசலில் நின்றபோதே டெல்பர்ட் கிராஸுக்குப் பொறி தட்டியது. ஆல்டன் கல்லூரிப் பழைய மாணவர் சங்கத்தின் செயலாளர், காரியம் இல்லாமல் யார் வீட்டுக்கும் கேக் சுட்டுக்கொண்டு போகிறவள் இல்லை. அதுவும் முதல் வருடத்தோடு படிப்பை விட்டுவிட்டுச் சரக்கு ரயில் ஓட்டப் போன ஒருவனின் வீட்டுக்கு! சங்கத்துக்கும் அவருக்கும் இதுவரை இருந்த உறவு, வருடா வருடம் அவர்கள் நன்கொடை கேட்பதும் அவர் அதைக் குப்பையில் போடுவதும்தான். பட்டம் வாங்கியவன், வாங்காதவன் என்ற பேதமெல்லாம் கை நீட்டும்போது அவர்கள் பார்ப்பதில்லை. அந்த விஷயத்தில் ரொம்பப் பெருந்தன்மையானவர்கள்.

நன்கொடைக்கு வரவில்லை என்று மார்சி முதலிலேயே சொல்லிவிட்டாள். அடுத்த சனிக்கிழமை பழைய ஸ்டேடியத்தில் கடைசி ஃபுட்பால் ஆட்டம். அது முடிந்ததும் இடிக்க ஆரம்பித்துவிடுவார்கள். அந்த இடத்தில் அறிவியல் கட்டடம் வருகிறது. ஃபுட்பாலுக்கு ஊருக்கு வெளியே, நெடுஞ்சாலைப் பக்கம், புல்லே இல்லாத புல்தரையோடு புது ஸ்டேடியம் தயார். கடைசி நாளன்று இடைவேளையில் டெல்பர்ட்டை மைதானத்தின் நடுவே நிறுத்தி, இத்தனை வருடம் அவர் அடித்த ஹாரனுக்காகக் கௌரவிக்கப் போகிறார்களாம். பழைய மாணவர்கள் நாலா பக்கமிருந்தும் வருகிறார்கள். "எங்களுக்கு சலாம் போட்டவருக்கு" என்று பொறித்த பித்தளைத் தகடுகூடச் செய்தாயிற்று.

"வேற ஆளப் பாரும்மா" என்றார் டெல்பர்ட்.

அந்த ஹாரன் ஆல்டன்காரர்களுக்கு என்ன என்பதை வெளியாட்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். ஸ்டேடியம் குதிரை லாடம் மாதிரி தெற்கே திறந்து கிடக்கும். அந்தத் திறப்புக்குப் பின்னால் தண்டவாளம். சனிக்கிழமை பிற்பகல், ஆட்டத்தின் மூன்றாம் பாகம் நடந்துகொண்டிருக்கும்போது தானிய வண்டி வரும். இரண்டு நீளம், ஒரு குட்டை, மறுபடி ஒரு நீளம். அவ்வளவுதான், பந்து யார் கையில் இருந்தாலும் சரி, மொத்தக் கூட்டமும் ஆட்டத்தை அம்போவென்று விட்டுவிட்டு எழுந்து நிற்கும். தொப்பியைக் கழற்றி ரயிலுக்கு ஆட்டும். நடுவர்களே விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் காத்திருப்பார்கள். வெளியூர் அணிக்காரர்கள் பேந்தப் பேந்த விழிப்பார்கள். ரயில்காரன் நமக்கு சலாம் போடுகிறான், பதிலுக்கு எழுந்து நிற்காவிட்டால் மரியாதையா என்பது ஆல்டன்காரர்கள் கட்சி. கல்லூரியில் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்ட எந்த ஜோடியைக் கேட்டாலும் முதல் முத்தம் அந்த ஹாரன் சத்தத்தில்தான் என்பார்கள். அதில் பாதியாவது புளுகாக இருக்கும்.

டெல்பர்ட்டும் பதினெட்டு வயதில் அப்படித் தொப்பி ஆட்டியவர்தான். ஒரே ஒரு பருவம். அந்தக் குளிர்காலத்தில் அவருடைய அப்பா மர ஆலையில் முதுகை ஒடித்துக்கொண்டார். வீட்டில் அவருக்குக் கீழே தம்பி தங்கைகள் வரிசையாக இருந்தார்கள். ரயில் கம்பெனியில் ஆள் எடுத்தார்கள், போய்ச் சேர்ந்துவிட்டார். பயிற்சியில் அவருக்கு முதலில் சொல்லிக்கொடுத்த விதிகளில் ஒன்று அது. சாலை ஒன்று தண்டவாளத்தைக் கடக்கும் இடம் வந்தால் இரண்டு நீளம், ஒரு குட்டை, ஒரு நீளம் அடிக்க வேண்டும். ஸ்டேடியத்துக்குச் சற்று முன்னால் மில் தெரு கேட் இருந்தது. சலாமும் கிடையாது, சுண்டைக்காயும் கிடையாது. ஊரில் மற்ற கேட்டுகளிலும் அதே ஹாரன்தான். அங்கெல்லாம் அது வெறும் சத்தம், இங்கே மட்டும் சலாம் ஆகிவிட்டது. விஷயம் தெரிந்த அன்று அவருக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

அதைத்தான் இப்போது சாப்பாட்டு மேஜையில் மார்சியிடம் உடைத்துச் சொன்னார். ரோட்டுக்காக அடித்ததை உங்களுக்காக அடித்ததாகச் சொல்லி, நடு மைதானத்தில் நின்று தகடு வாங்கிக்கொள்ளத் தன்னால் முடியாது என்றார்.

மார்சியின் முகம் விழுந்துவிட்டது. முள்கரண்டியை மெதுவாகத் தட்டில் வைத்தாள்.

"எங்க அப்பா ஆல்டன்லதான் படிச்சாரு. ஆஸ்பத்திரியில கடைசியா கெடந்தப்போ, சனிக்கிழமை ஆனா ஜன்னலத் திறந்து வைக்கச் சொல்லுவாரு. குளுருதுப்பான்னா கேக்கமாட்டாரு. ஹாரன் கேட்டதும், 'பாத்தியா, என்னை மறக்கல அவன்'ம்பாரு" என்றாள். "ரோட்டுக்கா அது?"

டெல்பர்ட்டுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல ஆகிவிட்டது. உண்மையைச் சொல்கிறேன் பேர்வழி என்று செத்துப்போன மனிதரின் கடைசி சந்தோஷத்தைக் கெடுத்துவிட்டோமே என்று தவித்தார். அடுப்படியில் காபி ஊற்றிக்கொண்டிருந்த ஜோலீன்தான் திரும்பினாள். நாற்பது வருடத்துக்கு மேல் இந்த மனிதரோடு குடித்தனம் நடத்துகிறவள். அவர் எந்தக் கதையைப் பாதியில் நிறுத்துவார் என்று அவளுக்குத் தெரியும்.

"மில் தெருவத்தான் மூடிட்டாங்களே மார்சி. உங்க அப்பா எப்போ போனாரு?"

"மூணு வருஷம் ஆச்சு."

"அப்போ அங்க ரோடே கெடையாது. இந்த மனுஷன் யாருக்கு அடிச்சான்னு கேளு."

டெல்பர்ட் கேக்கைப் பார்த்துக் குனிந்துகொண்டார். ஜோலீனே சொன்னாள். புது ஹாஸ்டல்கள் கட்டியபோது மில் தெருவை அடைத்து, கேட்டைப் பிடுங்கிவிட்டார்கள். ஹாஸ்டல் பிள்ளைகளுக்கு விடியற்காலையில் ஹாரன் சத்தத்தில் தூக்கம் கெடுகிறது என்று புகார் போக, நகரசபை இந்தப் பக்கம் ஹாரனே அடிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. ரயில் கம்பெனியும் சுற்றறிக்கை விட்டது. அடுத்த சனிக்கிழமை டெல்பர்ட் நல்ல பிள்ளையாக வாயைப் பொத்திக்கொண்டு வண்டியை ஓட்டி வந்தார். ஸ்டேடியத்தின் திறப்பு வந்தது. சக்கரச் சத்தம் கேட்டே எழுந்து நின்றிருந்தார்கள். புகார் கொடுத்த பிள்ளைகளும் அதில் இருந்திருப்பார்கள். தொப்பிகள் கையில் இருந்தன. ஒருவரும் ஆட்டவில்லை. அத்தனை பேரும் அவரையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார்கள். அவர் அடிக்காமலே போய்விட்டார்.

அன்று அவருக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை. படிக்காமல் விட்டுப்போன தனக்கு ஒரு கல்லூரியே எழுந்து நின்று தொப்பியைக் கழற்றியிருக்கிறது, எத்தனையோ வருடமாக. தெரியாமல் செய்தார்களோ தெரிந்து செய்தார்களோ, செய்தார்கள். அலுத்துப்போன நாளிலும், அப்பாவைப் புதைத்துவிட்டு வேலைக்கு வந்த நாளிலும், அந்தத் திறப்பைத் தாண்டும்போது அவர் நெஞ்சு நிமிர்ந்திருக்கிறது. அடுத்த சனிக்கிழமை அவர் ஹாரனை இழுத்தார். எச்சரிக்கை வந்தது. மறுபடி இழுத்தார். சம்பளம் இல்லாமல் வீட்டில் உட்கார வைத்தார்கள். திரும்பி வந்து மறுபடி இழுத்தார். கடைசியில் மேலதிகாரி, "உன்னோட மல்லுக்கட்ட என்னால ஆகாது" என்று கும்பிடு போட்டுவிட்டார். போன மாதம் ஓய்வு பெறும்வரை ஃபுட்பால் சனிக்கிழமைகளில் அந்த ஹாரன் நிற்கவே இல்லை. அதற்குப் பிறகு ஆல்டனில் ஆட்டம் எதுவும் நடக்கவில்லை.

மார்சி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்போ எங்க அப்பாவுக்கு அடிச்சது?"

"அது அவருக்குத்தாம்மா" என்றார் டெல்பர்ட். "அவருக்கும் சேத்துத்தான்."

"அப்போ தகட்டுல இருக்கிறது சரிதான். வந்து வாங்கிக்கங்க" என்று மார்சி எழுந்துவிட்டாள். கேக் தட்டை அப்புறம் வந்து எடுத்துக்கொள்வதாகச் சொன்னாள்.

ஒப்புக்கொண்ட பிறகுதான் அவருக்கு வேறொன்று உறைத்தது. சனிக்கிழமை அந்த வண்டியை யார் ஓட்டுவது? கெய்லா ஓர்டீஸ். அவரிடமே வேலை பழகிய பெண். நன்றாக ஓட்டுவாள், வாயும் நன்றாக ஓடும். இன்னும் வேலை நிரந்தரம் ஆகவில்லை. பழைய மேலதிகாரி போய்ப் புதியவர் வந்திருந்தார். புது இன்ஜின்களில் கேமரா இருந்தது. எந்த இடத்தில் ஹாரனைத் தொட்டாலும் அது பதிவாகிவிடும். இந்த மாதிரி ஒரு விஷயத்துக்காகப் பக்கத்து டிவிஷனில் ஒருவரை வீட்டுக்கே அனுப்பிவிட்டார்கள்.

வியாழக்கிழமை கெய்லாவே போன் செய்தாள்.

"என்ன பெருசு, தகடெல்லாம் தர்றாங்களாமே. சனிக்கிழமை நான்தான் வர்றேன். இழுத்துடவா?"

இழு என்று சொல்ல அவருக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கடைசி ஆட்டம். அதற்குப் பிறகு அந்த இடத்தில் எழுந்து நிற்க ஆளே இருக்காது. ஒரே ஒரு தடவை. அந்த ஆசையை அவர் விழுங்கினார்.

"தொடாதே" என்றார்.

"நீங்க மட்டும் அடிச்சீங்க?"

"எனக்கு சர்வீஸ் இருந்துச்சு, யூனியன் இருந்துச்சு, ஜோலீன் சம்பளம் இருந்துச்சு. உனக்கு என்ன இருக்கு?"

"எம் பொண்ணு இருக்கா."

"அதுக்குத்தான் சொல்றேன்."

கெய்லா கேட்டாள், "அவங்க எந்திரிச்சு நிப்பாங்களே. நான் எப்படி அவங்க மூஞ்சியப் பாக்கறது?"

அந்த முகங்களைப் பார்த்துக்கொண்டு ஊமையாகப் போவது எப்படி இருக்கும் என்பது உலகத்திலேயே அவர் ஒருவருக்குத்தான் தெரியும். போனை வைத்த பிறகும் அங்கேயே உட்கார்ந்திருந்தார். தகடு வாங்கப் போகிற சந்தோஷமெல்லாம் அன்றோடு போயிற்று.

சனிக்கிழமை குளிரில் பல் கிட்டியது. ஆனாலும் ஸ்டேடியத்தைச் சுற்றிக் காலையிலேயே திருவிழாக் கூட்டம். லாரிகளின் பின்கதவைத் திறந்து போட்டுக்கொண்டு சாசேஜ் சுட்டார்கள், பெரிய பானைகளில் கறியும் பீன்ஸும் போட்ட காரமான சில்லி கொதித்தது. ஜோலீன் உருளைக்கிழங்கு சாலட் கொண்டுவந்திருந்தாள். முன்பின் தெரியாதவர்களெல்லாம் அதைக் கேட்டு வாங்கித் தின்றார்கள். டெல்பர்ட் கல்லூரியைச் சுற்றி நடந்து பார்த்தார். அவர் தங்கியிருந்த ஹாஸ்டல் இப்போது அடுக்குமாடிக் கார் நிறுத்தம். அவர் பாத்திரம் கழுவிய உணவுக்கூடம் கண்ணாடிக் கட்டடமாகி, உள்ளே பிள்ளைகள் கயிறு கட்டிக்கொண்டு சுவரில் ஏறிக்கொண்டிருந்தார்கள். ஏறி எங்கே போகிறார்கள் என்று தெரியவில்லை. மில் தெரு கேட் இருந்த இடத்தில் காபிக் கடை. வழி தெரியாமல் அவர் நின்றபோது ஒரு மாணவி தானாக வந்து, சொந்தத் தாத்தாவைக் கூட்டிப்போவது மாதிரி கையைப் பிடித்து ஸ்டேடியம் வாசல்வரை கொண்டுபோய் விட்டாள். மாறினால் மாறிவிட்டுப் போகட்டும், பிள்ளைகள் நல்ல பிள்ளைகளாகத்தான் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

உள்ளே பழைய மாணவர்கள் அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்தார்கள். ஒருவர் பேனாக்கத்தியால் மரப் பெஞ்சில் ஒரு சிராய் பெயர்த்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். ஒரு கிழவி சிமென்ட் தூணைக் கட்டிக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்டாள். இதையெல்லாம் பார்த்து அலுத்த ஒருவர், "எல்லாத்துக்கும் அழுங்க, இங்க இருக்கிற கக்கூஸுக்கு மட்டும் அழாதீங்க. அத இடிக்க நானே கடப்பாரையோட வர்றேன்" என்றார். சுற்றி இருந்தவர்கள் அதை மட்டும் ஒருமனதாக ஒப்புக்கொண்டார்கள்.

இடைவேளையில் மார்சி அவரை நடு மைதானத்துக்குக் கூட்டிப்போனாள். அங்கிருந்து பார்த்தபோது ஸ்டேடியம் முழுக்கத் தலைகளாக இருந்தது. தகட்டைக் கொடுத்தார்கள், கை தட்டினார்கள். மைக்கையும் கொடுத்தார்கள். நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்றுதான் இருந்தார். ஆனால் இன்னும் சற்று நேரத்தில் இவர்கள் எழுந்து நின்று காத்திருப்பார்கள், அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு போவாள். அது அவருக்குத் தாங்கவில்லை.

"இந்த ஹாரன் மொதல்ல உங்களுக்கு அடிச்சதில்ல" என்று ஆரம்பித்தார். "மில் தெரு கேட்டுக்கு அடிச்சது. ரூல் அது."

எங்கோ ஒருவர் சிரித்தார். பிறகு அடங்கிவிட்டது.

"அப்புறம் தெருவ மூடிட்டாங்க. அதுக்கப்புறம் அடிச்சதெல்லாம் உங்களுக்குத்தான். இன்னிக்கு வண்டி வரும், ஹாரன் வராது. ஓட்டற பொண்ணு சின்னப் பொண்ணு. அடிச்சா அவ வேலை போயிடும். அடிக்காதேன்னு சொன்னது நான்தான், கோவம் இருந்தா என்மேல வச்சுக்கங்க. அவ போறப்ப மட்டும் தயவுசெஞ்சு ஒக்காந்துடாதீங்க. நான் இங்க ஒரு வருஷந்தான் படிச்சேன். நீங்க எனக்கு எத்தனையோ வருஷம் எந்திரிச்சு நின்னிருக்கீங்க. ரொம்ப நன்றி."

கை தட்டல் வந்தது, ஆனால் சன்னமாக. கல்யாண வீட்டில் போய் இழவு சொன்னவன் மாதிரி இருந்தது அவருக்கு. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து ஜோலீன் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் கம்பளியில் பாதியை அவர் முழங்கால்மேல் போட்டுவிட்டாள்.

மூன்றாம் பாகம் தொடங்கியது. ஆல்டன் தோற்றுக்கொண்டிருந்தது, அது ஒன்றும் புதிதில்லை. டெல்பர்ட்டுக்கு ஆட்டத்தில் கண் போகவில்லை. தானிய வண்டிக்கு நேரம் காலம் கிடையாது, இன்றைக்கு வராமலே போனாலும் நல்லதுதான் என்றுகூட நினைத்தார். அப்போது தெற்கே, இலை உதிர்ந்த மரங்களுக்கு நடுவில், இன்ஜின் விளக்குத் தெரிந்தது.

அவர் எழுவதற்கு முன்பே பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். எதிர்ப்பக்கமும் எழுந்தது. கக்கூஸை இடிக்கிறேன் என்றவர் தொப்பியைக் கழற்றி மார்போடு பிடித்துக்கொண்டார். மைதானத்தில் ஆட்டக்காரர்கள் பந்தைத் தரையில் வைத்துவிட்டுத் தலைக்கவசத்தைக் கழற்றினார்கள். இன்ஜின் திறப்புக்குள் வந்தது. சக்கரச் சத்தத்தைத் தவிர ஒரு சத்தம் இல்லை. டெல்பர்ட்டும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். அந்தக் கணம் இப்படியே போய்விடும், இதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை என்று அவருக்குத் தோன்றியது.

மேல் வரிசையிலிருந்து யாரோ ஒரு கிழவர் வாயாலேயே ஹாரன் ஊதினார். கட்டைக் குரல், நீளமாக, நெஞ்சு முழுக்கக் காற்றை வைத்துக்கொண்டு. தனியாக ஒரு குரல்தான். அது முடிவதற்குள் அந்த வரிசை சேர்ந்துகொண்டது. இரண்டாவது நீளத்தில் அந்தப் பக்கம் முழுவதும் சேர்ந்துவிட்டது. எதிர்ப்பக்கமும் சேர்ந்தது. பாண்டு வாத்தியக்காரப் பிள்ளைகள் பெரிய குழல்களைத் தூக்கி அதே சுருதியில் ஊதினார்கள். கூட்டம் மூச்சு வாங்கிக்கொண்டது. குட்டையாக ஒன்று. யாரும் கை காட்டவில்லை, யாரும் சொல்லித்தரவில்லை. அத்தனை பேருக்கும் அது எங்கே நிற்கும், எங்கே தொடங்கும் என்று தெரிந்திருந்தது. டெல்பர்ட் அதுவரை கேட்டுக்கொண்டே நின்றார். கடைசி நீளத்துக்கு அவரும் வாயைத் திறந்தார். அடித்துத்தான் அவருக்குப் பழக்கம், ஊதிப் பழக்கமில்லை. ஆனாலும் ஊதினார், மூச்சு தீரும்வரை ஊதினார். பெஞ்சுப் பலகைகள் காலடியில் அதிர்ந்தன.

இன்ஜினின் பக்கவாட்டு ஜன்னல் திறந்தது. ஒரு கை வெளியே வந்தது, பிறகு தோள்வரை வந்தது. கெய்லா கையை ஆட்டிக்கொண்டே போனாள். தானியப் பெட்டிகள் ஒவ்வொன்றாகத் திறப்பைக் கடந்தன. கடைசிப் பெட்டி மறையும்வரை ஒருவரும் உட்காரவில்லை. தொப்பிகள் ஆடிக்கொண்டே இருந்தன, டெல்பர்ட்டின் தொப்பியும்.

ஜோலீன் மூக்கைச் சிந்திக்கொண்டாள். "அந்தப் பொண்ணு நம்மளப் பாத்திருப்பாளா, டெல்?"

"பாத்திருக்கமாட்டா" என்றார் அவர். "அங்கிருந்து ஆள் ஆளாத் தெரியாது. ஆல்டன் காலேஜே எந்திரிச்சு நிக்கிற மாதிரி இருக்கும், அவ்வளவுதான்."

கண்ணீரைத் துடைக்காமலே சிரித்தார்.

"அதுல நானும் ஒருத்தன்."